பிழை தேடும் பிழைப்பு

 

தோல் மண்டி, துணிக்கடை, கப்பல், அரபுநாடு என்றிருந்த நம்மவர் சம்பாத்தியம் இன்று தரமணிக்கும் சிறுசேரிக்கும் பெங்களூருக்கும் இடம் மாறியிருக்கின்றது. "என் மகன் சாஃப்ட்வேரில் இருக்கிறான்" என்று பெருமையுடன் சொல்லும் தாய்மார்கள் நம் முஹல்லாக்களில் நிறைந்துவிட்டனர். ஆனால் அங்கே அவன் என்னதான் செய்கின்றான் என்று கேட்டால், "கம்ப்யூட்டரில் என்னமோ தட்டுகிறான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த வேலைகளில் ஒன்றைக் குறித்தே இம்மாதம் சிந்திக்க விழைகின்றோம். பிழை கண்டுபிடிக்கும் வேலை அது. டெஸ்டிங் என்பார்கள்.

ஒருவர் புரோகிராம் எழுதுகின்றார். அது எங்கே உடையும் என்று தேடுவதற்கென்றே மற்றொருவர் அமர்த்தப்படுகின்றார். பணம் அனுப்பும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகையைப் போடாமலே பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? அவசரத்தில் இருமுறை அழுத்திவிட்டால் பணம் இருமுறை போய்விடுமா? பாதி வழியில் இணைப்பு அறுந்துவிட்டால் பணம் இங்கே இருக்குமா, அங்கே இருக்குமா, இரண்டிடத்திலும் இல்லாமல் போகுமா? காலையிலிருந்து இரவு வரை இவ்வாறே துருவித் துருவிப் பார்க்கின்றார். பிழை கண்ட இடமெல்லாம் குறித்து, எழுதியவருக்கு அனுப்புகின்றார். அவர் திருத்தி அனுப்ப, இவர் மறுபடியும் உடைத்துப் பார்க்கின்றார். புரோகிராம் எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். ஒருவர் எழுதிய வரிகளை மற்றவர் படித்துக் குறை சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. அதற்கு ரிவ்யூ என்று பெயர்.

இப்பணியிலுள்ள இளைஞர்கள் நம்மிடம் மஸ்அலா கேட்க வருகின்றனர். முதற் கேள்வி, "ஹழ்ரத், குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறோமே, இது ஹலாலா?" என்பதாக இருக்கும். அதற்கு விடை பெற்றுக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டும்போதுதான் இரண்டாவது வெளிவரும். "மனசு சரியில்லை ஹழ்ரத். எதைப் பார்த்தாலும் குறைதான் தெரிகிறது." முதற் கேள்வியைச் சீக்கிரமே முடித்துவிடலாம். இரண்டாவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகின்றோம்.

மதீனாவின் கடைவீதியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கின்றார்கள். மேலாகப் பார்க்க நல்ல தானியம். திருக்கரத்தைக் குவியலுக்குள் விட்டுப் பார்க்கின்றார்கள்; விரல்களில் ஈரம் தட்டுகின்றது. இது என்ன என்று வினவ, மழையில் நனைந்துவிட்டது என்கின்றார் வியாபாரி. மக்கள் கண்ணில் படும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்வோர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் பெருமானார். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் செய்தி இது. குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பதல்லாமல் வேறென்ன செய்கின்றார் டெஸ்டர்? வாங்குவோர் ஏமாறாமலிருக்க, விற்பதற்கு முன் உட்புறத்தைப் பார்ப்பவர் அவர். ஆகவே அச்சம்பளம் ஹலால், அவ்வேலை அமானிதம்.

இதில் உயிர் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. தெராக்-25 என்றொரு கருவி கனடாவில் தயாரானது. புற்றுநோயாளிகளுக்குக் கதிர்ச் சிகிச்சை அளிப்பது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அக்கருவி அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சிவிட்டது. அவர்களில் குறைந்தது மூவர் அதனாலேயே மௌத்தாயினர். டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் மட்டும் 1986ல் இவ்விதம் இருமுறை நடந்தது. தயாரித்தவர்களோ, கருவி அவ்வாறு செய்ய வழியே இல்லை என்று சாதித்தார்கள். அம்மருத்துவமனையின் இயற்பியல் நிபுணர் விடவில்லை. கருவியை இயக்கிய பெண்மணியை உடன் வைத்துக்கொண்டு, அன்று எப்படித் தட்டினாரோ அதே போல் மீண்டும் மீண்டும் தட்டச் செய்து பார்த்தார். கடைசியில் பிழை அகப்பட்டது. கட்டளையில் ஒரு தவறைத் திருத்திவிட்டு மளமளவென்று அடுத்ததற்குப் போனால் மட்டும் அது தலைகாட்டும். மெதுவாகத் தட்டினால் ஒளிந்துகொள்ளும். பழகிய கையின் வேகமே பிழையை வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்மணியைக் குற்றவாளியாக்கி முடித்திருந்தால் கருவி இன்னும் எத்தனை பேரைக் காவு கொண்டிருக்குமோ!

அப்படி மனிதரைக் குற்றவாளியாக்கி முடித்த ஊரும் உண்டு. பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களுக்கென 1999 முதல் ஹொரைஸன் என்னும் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அதிலிருந்த பிழைகளால் கணக்கில் பணம் குறைவது போல் காட்டியது. கம்ப்யூட்டர் தவறாது என்று நம்பி, சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் நடத்திய எளிய மனிதர்களைத் திருடர்கள் என்றார்கள். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். கர்ப்பிணியான ஒரு பெண்மணியும் சிறை புகுந்தார். 2024ல் தனிச் சட்டமே இயற்றி அத்தண்டனைகளை ரத்துச் செய்யவேண்டியதாயிற்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஓரிடத்தில் குறையைப் பொருளில் தேடினார்கள், உயிர்கள் பிழைத்தன. மற்றோரிடத்தில் பொருளை விட்டுவிட்டு மனிதரில் தேடினார்கள், குடும்பங்கள் அழிந்தன. நம் இளைஞர்களின் மன வேதனைக்கும் இங்கேதான் விடை இருக்கின்றது என்று நாம் கருதுகின்றோம். பார்வை பொருளின் மேல் இருக்கும் வரை அது காவல். பொருளைத் தாண்டி மனிதர் மேல் பாய்ந்தவுடன் அது நோயாகிவிடுகின்றது. எதிரிலிருக்கும் மனிதரையும் அது விடாது, பார்ப்பவரையும் விடாது.

வேதனை எங்கிருந்து தொடங்குகின்றது? கொத்தனார் மாலையில் எழும்பி நிற்கும் சுவரைப் பார்க்கின்றார். தையற்காரர் தைத்த சட்டையைப் பார்க்கின்றார். டெஸ்டரின் மாலைக் கணக்கில் இருப்பதோ பிறர் செய்த தவறுகளின் பட்டியல். அதிகம் கண்டால் எழுதியவர்களுக்குக் கோபம்: "என் மெஷினில் சரியாகத்தானே ஓடுகிறது?" குறைவாகக் கண்டால் மேனேஜருக்கு ஐயம்: "ஒழுங்காகப் பார்த்தாயா?" நூறு பிழையைத் தடுத்தவரை எவரும் நினைப்பதில்லை. நடக்காமல் போன விபத்து எவர் கண்ணிலும் படாதன்றோ! நூற்றியோராவது தப்பிப் போய்விட்டால் மட்டும் நள்ளிரவில் போன் வரும், "இது எப்படி உன் கண்ணில் படவில்லை?" என்று.

இத்தொழிலுக்கு முடிவு என்பதும் இல்லை. ஹாலந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1970ல் எழுதிய குறிப்புகளில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சோதனையைக் கொண்டு பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது. எத்தனை தேடினாலும் "இனி இல்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாத ஒரு வேலையைச் செய்துவிட்டு ஒருவர் நிம்மதியாக உறங்கவேண்டும். எளிதா?

பிறகு அந்தக் கண் அவரோடு வீட்டுக்கு வருகின்றது. ஓர் இளைஞர் நம்மிடம் சொன்னார்: "ஜும்ஆவில் பயான் கேட்டால் ஆலிம்சா எத்தனை முறை ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். மகள் படம் வரைந்து கொண்டுவந்தால், 'வாப்பா, நல்லா இருக்கா?' என்று கேட்டு முடிப்பதற்குள், வீட்டுக்குக் கதவு இல்லையே என்று சொல்லிவிடுகிறேன். இப்பொழுதெல்லாம் அவள் படத்தை அவள் உம்மாவிடம் மட்டுமே காட்டுகிறாள்." இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

சகோதரர்களே! இது கம்ப்யூட்டரோடு பிறந்த நோய் என்று எண்ணிவிடாதீர்கள். குறை காண்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் நம் உம்மத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கின்றனர். ஹதீஸ் அறிவிப்பாளர்களைச் சல்லடையிட்டுச் சலித்த முஹத்திஸீன்களைத்தான் குறிப்பிடுகின்றோம். இவர் மறதிக்காரர், இவர் பெயர்களைக் குழப்புபவர், இவர் பொய்யர் என்று ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பற்றி எழுதிவைத்தார்கள். எழுதியிராவிட்டால் நாயகத்தின் பெயரால் எவரும் எதையும் சொல்லியிருப்பார்கள். அக்கலைக்கு 'ஜர்ஹ், தஃதீல்' என்று பெயர். ஜர்ஹ் என்றால் காயம். பெயரிலேயே வலியை வைத்திருக்கின்றார்கள், பாருங்கள்!

ரய் நகரத்து இமாம் இப்னு அபீஹாத்தம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 327ல் மறைந்தவர்கள். இக்கலையில் பன்மடலங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை யாத்தவர்கள். ஒருநாள் மாணவர்களுக்கு அந்நூலைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, முன்னோரான யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) அவர்கள் சொன்னதாக ஒரு கருத்தை எடுத்துரைத்தார். நாம் குறைகூறும் இந்த மனிதர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சுவர்க்கத்தில் கூடாரமடித்துத் தங்கிவிட்டவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் இமாமவர்கள் அழுதார்கள். கைகள் நடுங்கின. நடுங்கிய கையிலிருந்து கிதாபு கீழே விழுந்துவிட்டது.

இந்த நடுக்கத்தை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மனம் வலிப்பதால் வேலை தவறு என்றாகிவிடாது. இமாமவர்கள் அந்நூலைக் கொளுத்திவிடவில்லை; இன்றளவும் அது உலமாக்களின் கைகளில் இருக்கின்றது. கையும் நடுங்கிற்று, பணியும் நின்றது. வலியே தெரியாமல் பிறர் குறையைப் பட்டியலிடக் கற்றுக்கொண்டவரைப் பற்றித்தான் நாம் அஞ்சவேண்டும்.

அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சில வரம்புகளை வகுத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லால் குறை விளங்கிவிடுமானால் இரண்டாவது சொல் ஆகாது என்று இமாம் ஸகாவீ (ரஹ்) எழுதுகின்றார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களோ கடுஞ்சொல்லைக் கூடியவரை தவிர்த்து, இவரிடம் யோசிக்க வேண்டியது உண்டு என்பது போன்ற அடக்கமான சொற்றொடர்களால் ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள். அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய தந்தையைப் பற்றியே கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார்கள். மீண்டும் கேட்கவே, தலையைக் குனிந்திருந்து, பின் நிமிர்ந்து, இது தீனுடைய விஷயம், என் தந்தை பலவீனமான அறிவிப்பாளரே என்றார்கள். தந்தை கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் அறிவிப்பு பலவீனம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மேலும், ஜர்ஹ் என்ற சொல்லோடு தஃதீல் என்ற சொல்லையும் சேர்த்தே அக்கலைக்குப் பெயரிட்டார்கள். நல்லவரை நல்லவர் என்று பதிவு செய்வதும் அதே ஏட்டில், அதே பேனாவால் நடந்தது. கம்பெனிகளின் பிழைப் பட்டியலில் இந்தப் பாதி இல்லை. சரியாக ஓடியதை எழுதக் கட்டமே கிடையாது. இருக்கட்டும், எழுதியவரிடம் வாயால் சொல்ல எவர் தடுத்தார்? "சென்ற மாதம் நீங்கள் திருத்திய பகுதியை எவ்வளவோ அடித்துப் பார்த்தேன் அண்ணே, அசையவில்லை" என்று தேநீர் குடிக்கும்போது சொல்லலாமே! பொய்ப் புகழ்ச்சி கூடாது. உண்மையைப் பாதியோடு நிறுத்துவானேன் என்றுதான் கேட்கின்றோம்.

குறையைச் சொல்வது எப்படி என்பதற்கு ஸஹாபாக்களிடம் ஓர் அற்புதமான பாடம் இருக்கின்றது. லுஹரோ அஸரோ, நான்கு ரக்அத் தொழுகையில் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். ஜமாஅத்தில் அபூபக்ரும் உமரும் (ரலி) இருக்கின்றார்கள். பேச அஞ்சி நிற்கின்றார்கள். அவசரக்காரர்கள் தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே வெளியேறுகின்றார்கள். அப்பொழுது, கைகள் நீண்டிருந்ததால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டுமில்லை என்றார்கள் நாயகம். ஏதோ நடந்திருக்கின்றது என்று அவர் பணிவோடு உறுதியாக நின்றார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் விசாரித்து, அவர் சொல்வது சரியே என்று தெரிந்ததும், விடுபட்ட இரண்டு ரக்அத்தைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்கள்.

டெஸ்டிங் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கே வியப்பு. விதி மாறிவிட்டதா, அல்லது தவறு நேர்ந்ததா என்பதுதான் ஒரு நல்ல டெஸ்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாம்! துல்யதைன் (ரலி) அதையே கேட்டார்கள். கண்டதைச் சொன்னார்கள், கண்ட மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வழிகளையும் திறந்து வைத்தார்கள். மறுக்கப்பட்டபோது குரலை உயர்த்தவுமில்லை, வாய்மூடிப் போகவுமில்லை. சுட்டிக்காட்டப்பட்டவர்களோ சிருஷ்டிகளிலெல்லாம் சிறந்தவர்கள். "நீ யார் என்னைக் கேட்க?" என்ற பேச்சே இல்லை. விசாரித்தார்கள், நிறைவு செய்தார்கள், முடிந்தது. புரோகிராம் எழுதும் நம் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கட்டும். உமர் (ரலி) அவர்கள் தம் குறையை எடுத்துச் சொல்பவரை அன்பளிப்புக் கொண்டுவருபவராக மதித்தார்கள் என்று நூல்களில் காண்கின்றோம். "என் மெஷினில் ஓடுகிறது" என்று பாய்வதற்கு முன் அதை எண்ணிப் பார்க்கலாம்.

தொழுகைக்குள் இமாம் தவறினால் பின்னால் நிற்கும் ஆண்கள் என்ன செய்கின்றோம்? ஸுப்ஹானல்லாஹ் என்கின்றோம். தவறு என்ற சொல் அதில் இல்லவே இல்லை. அல்லாஹ் தூயவன் என்று துதிக்கின்றோம், இமாம் புரிந்துகொள்கின்றார்.

கணினி உலகமும் அடிபட்டுத்தான் இந்தப் பாடத்தை நோக்கி வருகின்றது. 1971லேயே வைன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர், தான் எழுதிய புரோகிராமைத் தன் அகந்தையின் ஒரு துண்டாகக் கருதாதே என்று ஒரு நூலில் எழுதினார். அகந்தையை 'நஃப்ஸ்' என்று படித்தால் நம் மத்ரஸாப் பாடமாகவே இருக்கும். ஆனாலும் கேட்டவர் எத்தனை பேர்? உலகெங்கும் பயன்படும் லினக்ஸ் என்னும் அமைப்பைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், பிறர் அனுப்பும் வரிகளில் குறை கண்டால் அனுப்பியவரையே சுடுசொல்லால் வாட்டுவதில் பேர் பெற்றவர். அவர் 2018 செப்டம்பரில், தம் சொற்கள் மனிதர்களைப் புண்படுத்தின, சிலர் இப்பணியை விட்டே விலகவும் காரணமாயிருக்கலாம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகச் சொல்லிச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். பின்னர் திரும்பி வந்து அதே பணியைத் தொடர்ந்தார். வரிகளில் குறை காண்பதை அவர் விடவில்லை, விடவும் கூடாது.

அல்லாஹுத்தஆலா ஸூரத்துல் ஹுஜுராத்தில் ஒருவரையொருவர் குறைகூறுவதைத் தடுக்கும்போது, உங்களையே நீங்கள் குறைகூறாதீர்கள் என்ற அமைப்பில் சொல்கின்றான். பிறரைக் குறைகூறுவதே தன்னைக் குறைகூறுவதாகும், முஃமின்கள் அனைவரும் ஓர் உயிர் போன்றவர்கள் என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்குவார்கள். இந்த இளைஞர்களைப் பார்த்தபின் அச்சொல்லின் ஆழம் இன்னும் விளங்குகின்றது. பிறர் மேல் பாய்ந்த அந்தக் கண், சுற்றி வந்து தன்மேலேயே விழுகின்றது. வுளூவில் கை நனைந்ததா என்று நான்கு முறை. தக்பீர் சரியா என்று ஐந்து முறை. தூங்கும்முன் படுக்கையில் அன்று பேசிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து ஒரு விசாரணை. இதை இறையச்சம் என்று தவறாக எண்ணிக்கொள்வோரும் உண்டு. அல்ல, வஸ்வாஸ் இது.

ஷரீஅத் இதற்கு எவ்வளவு இலேசான மருந்தை வைத்திருக்கின்றது! உறுதியானதை ஐயம் அழிக்காது என்பது ஃபிக்ஹின் பெருவிதிகளில் ஒன்று. தொழுது ஸலாம் கொடுத்த பின், மூன்றா நான்கா என்று வரும் சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபாரும் ஒன்றுபட்டிருக்கின்றனர். பிழையே இல்லாத தொழுகை என்று யார் நிரூபிக்க முடியும்? அப்படி நிரூபிக்கும்படி நம்மை ஏவவுமில்லை. ஸலாம் கொடுத்தாகிவிட்டது, எழுந்து போ என்கின்றது மார்க்கம். அலுவலகத்திலும் அப்படி ஒரு ஸலாம் வேண்டும். தன்னால் இயன்றவரை தேடியாயிற்று, தேடியதையும் தேடாமல் விட்டதையும் எழுதி வைத்தாயிற்று என்றால், அதற்குமேல் தப்பிப்போவது மனிதத் தன்மை. நள்ளிரவில் போன் வந்தால் எழுந்து திருத்த உதவலாம். தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்ள வேண்டாம்.

இந்நிலை முற்றி, உறக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர் வாழ்வதே பாரம் என்ற எண்ணம் தலைகாட்டினால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்களே பணித்திருக்கின்றார்கள். "ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் வராது" என்று சொல்லும் உறவினர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சர்க்கரை வியாதிக்கு மட்டும் அவர்கள் மாத்திரை விழுங்குவதில்லையா?

இனி வீட்டார்க்கு ஒரு சொல். இவ்வேலையில் நம் பெண்மக்களும் பலர் இருக்கின்றனர். நாள் முழுக்கப் பிறர் பிழையைச் சுமந்துவிட்டு, தன் பிழை என்று பேச்சும் வாங்கிக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு வண்டியிறங்கி வருகின்றாள் மருமகள். வந்தவள் புர்காவைக் களைவதற்குள், "காலையில் வைத்த சால்னாவில் உப்பு இல்லை" என்று மாமியார் தொடங்கினால் அவள் எங்கே போவாள்? உணவைக் குறை சொன்னதே இல்லை நாயகம் (ஸல்) அவர்கள். பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். அனஸ் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாகப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தும், சீ என்ற ஒரு சொல்லைக் கேட்டதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்வியையும் கேட்டதில்லை. பத்து ஆண்டில் ஒரு சிறுவன் எத்தனை பாத்திரம் உடைத்திருப்பான்! ஸுன்னத்தைப் பேண வேண்டும் என்று தாடியின் நீளத்தை அளக்கும் நாம், இந்த ஸுன்னத்தைச் சமையற்கட்டு வாசலிலேயே விட்டுவிடுகின்றோம்.

சென்ற மாதம் ஒரு சகோதரி கேட்டனுப்பியிருந்தார்: "என் கணவர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறார். நல்லவர். ஆனால் வீட்டில் எதை எடுத்தாலும் குறை. பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். எடுத்துச் சொன்னால் நான் அவரிடம் குறை காண்கிறேன் என்றாகிவிடுமே என்று பயந்து ஸபராக இருக்கிறேன். இது சரியா?"

சகோதரியே, வாய்மூடியிருப்பது மட்டும் ஸபர் ஆகாது. நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளைகள் வாப்பாவை இழப்பார்கள். அவரும் பிள்ளைகளை இழப்பார். மாமியார் முன்னிலையிலோ, அவர் வேலை முடிந்து களைத்து வந்த வேளையிலோ வேண்டாம். விடுமுறை நாளில், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, துல்யதைன் (ரலி) அவர்களின் செய்தியை முதலில் படிக்கக் கொடுங்கள். பிறகு நீங்களும் அதே போல் கேளுங்கள்: "பிள்ளை படம் காட்டினால் முதலில் பாராட்டுவது என்றிருந்ததே, நம் வீட்டில் அந்தச் சட்டம் மாறிவிட்டதா? அல்லது மறந்துவிட்டீர்களா?" அவர் தொழில் தெரிந்தவர், கேள்வி எங்கிருந்து வருகின்றது என்று புரிந்துகொள்வார். பிள்ளைகள் எதிரில் அவர் மறுபடியும் தொடங்கும் சமயங்களுக்கு என இருவரும் முன்கூட்டியே பேசி ஓர் அடையாளமும் வைத்துக்கொள்ளுங்கள். தொழுகையில் இமாமுக்கு உணர்த்தப் பெண்கள் கையைத் தட்டுவதில்லையா? அது போல், மெல்ல ஒரு தட்டு.